மூன்றாவது குத்து

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது தடவையும் கடப்பாரை ணங்கென்று நின்றது. பனி தாங்கும்.

இனுதெக் திரும்பி, பயமில்லை என்று கையைக் காட்டினான். நாய்வண்டியில் மான்தோலைப் போர்த்தி உட்கார்ந்திருந்த டென்மார்க்காரி அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து இதே கதைதான். சந்தேகமான இடம் வரும்போதெல்லாம் அவன் இறங்கிக் குத்துவான், அவள் எண்ணுவாள். மீன் பிடிக்க வருகிறவர்கள் மீனைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். இவள் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஏன் கேட்கப்போகிறாள்? போன பிப்ரவரியில் இதே உறைந்த குடாவுக்கு மீன் பிடிக்க வந்து, பனி உடைந்து உள்ளே போன தோர்பனின் மனைவி அவள். இங்கெலிஸ் என்று பேர். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவரைக் கூட்டிவந்தவன் இனுதெக்தான்.

வேறு ஆள் வேண்டாம், அவன்தான் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள். மாட்டேன் என்றால் ஊர் என்ன நினைக்கும்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று நினைக்காதா? ஒப்புக்கொண்டான்.

ஒரே குத்தில் பனி உடைந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். இரண்டு தாங்கினால் தனி ஆள், தன் உயிர் தன் பாடு என்று போகலாம். மூன்றும் தாங்கினால்தான் வண்டி, விருந்தாளி எல்லாம். நடை பழகும் பிள்ளைக்கும் இங்கே தெரிந்த விஷயம்.

மூன்று என்றுதான் போலீசிடம் சொன்னான். எழுதிக் கையெழுத்தும் போட்டான். பாதிரியாரிடம் மூன்று. மனைவி மாலியாவிடமும் மூன்று. கட்டினவளிடமே சொல்லியாகிவிட்டது, இனி யாரிடம் போய் மாற்றிச் சொல்வது?

பனியில் துளை போட்டு, தூண்டில் கயிற்றை இறக்கி, நுனியை அவள் கையில் கொடுத்தான். ஐநூறு மீட்டர் ஆழத்தில்தான் தட்டைமீன்கள் கிடக்கும். அவள் கயிற்றைப் பிடித்த விதம் மீனுக்காகக் காத்திருப்பவள் பிடிக்கிற மாதிரி இல்லை. கீழே இருக்கும் யாரையோ விட்டுவிடக் கூடாது என்பதுபோல் இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள்.

நண்பகல். தெற்கு மலைமேல் சூரியன் லேசாகத் தலைகாட்டியது. கால் மணி நேரம் இருந்தால் அதிகம்.

"அன்னைக்கும் மூணு தடவை குத்துனீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டாள்.

"மூணு" என்றான். நாக்கு பழகியிருந்தது.

தலையாட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம்தான் அவன் மார்பில் தொங்கிய ரேடியோவைப் பார்த்தாள். அதில் விளக்கு எரியவில்லை. அணைத்தா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?

நியாயமான கேள்வி. பனிமேல் போகிறவன் ரேடியோவை அணைக்கவே கூடாது. ஆனால் மாலியாவுக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் உப்பு தீர்ந்தாலும் ரேடியோவில்தான் சொல்வாள், ஊரே கேட்கும். இன்றைக்கு மட்டும் கூப்பிடாதே என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தான். அதென்ன இன்றைக்கு மட்டும் என்று அவள் முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்துத்தான் அணைத்து வைத்தான்.

இப்போது வேறு வழியில்லை. திருகினான்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் மாலியாவின் குரல், கூடவே ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம். தன் மொழியில் படபடவென்று கொட்டினாள். இனுதெக் அவசரமாக அணைக்கப் பார்த்தான். கையுறை வழுக்கியது.

டென்மார்க்காரிக்குக் கிரீன்லாந்து மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் ஒரு சொல் புரிந்துவிட்டது. அது இரண்டு தடவை வந்தது.

"தோர்பன்னு சொன்னாங்களே. யாரு தோர்பன்?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்தப் பேரில் ஒரு நாய் இருக்கிறது, ஒரு கடைக்காரன் இருக்கிறான். பொய்க்கா பஞ்சம்?

"எங்க பொண்ணு" என்றான். "அவரு போன அடுத்த மாசம் பொறந்தா."

தண்ணீரில் போனவர் பேரில்லாமல் அலையக் கூடாது. அடுத்துப் பிறக்கிற பிள்ளை ஆணோ பெண்ணோ, அந்தப் பேர் அதற்குத்தான். பேரோடு ஆளும் வந்துவிடுவார் என்பது ஊர் வழக்கம். யாரோ ஒரு விருந்தாளியின் பேரைத் தன் பிள்ளைக்கு வைத்தானே, என்ன மனசு என்று எல்லோரும் இனுதெக்கைப் புகழ்ந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தப் பேரை அவன் வாயால் கூப்பிட வேண்டியிருக்கிறது. அது அவனுக்கு எப்படி இருக்கும் என்று எவருக்குத் தெரியும்?

வழக்கத்தை மட்டும் உடைந்த டேனிஷில் அவளுக்குச் சொன்னான். அவள் கயிற்றை விடாமல் கேட்டாள்.

எதற்கு இப்படி அழுகிறது என்றாள்.

துளைக்குள் இறங்கிய கயிற்றைப் பார்த்தான்.

"குளிப்பாட்டுறாங்க. தண்ணி பட்டா இப்படித்தான். பொறந்ததிலேர்ந்தே."

மாலியா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லைபோல. அழுகை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இங்கெலிஸ் எட்டி, அவன் மார்பிலிருந்த ரேடியோவில் காதை வைத்தாள். ரொம்ப நாள் கழித்து வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பவள்போல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. நாய்கள் சுருண்டு படுத்தன.

"ரெண்டு தடவைதான் குத்துனேன்" என்றான் இனுதெக்.