பான் கோச் கேட்ட கேள்வி

நான் மேடையேறும்போது பான் கோச் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பளுதூக்கும் பாரில் நூற்றுப் பதினெட்டு கிலோ. இதைத் தூக்கிவிட்டால் அவருடைய புது மாணவி ஜியாச்சியை ஒரே ஒரு கிலோவில் முந்திவிடுவேன். தூக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

ஜியாச்சி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல பெண். அவருடைய விடுதியில் என் பழைய கட்டிலில் படுக்கிறாள், என் பழைய அலமாரியில் துணி வைக்கிறாள். அவ்வளவுதான்.

"தூக்கி நிறுத்திட்டு அந்தாளை நேராப் பாரு. கண்ணைத் திருப்பிடாத, நான் போட்டோ எடுக்கணும்" என்று லுவோ அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். எங்கள் ஊர் அணிக்கு அவர்தான் கோச், சமையல்காரி, வேன் டிரைவர் எல்லாமே.

கையில் வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டேன். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

பதினோரு வயதில் பான் கோச்சிடம் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது வருடம். கடைசி வருடம் முழுக்க வலது தோளில் யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகுவது போல இருந்தது. தலை வார முடியாது. வலது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. நான்கு முறை அவரிடம் போய்ச் சொன்னேன்.

ஐந்தாவது முறை சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பார் என் கையைவிட்டு நழுவிப் பின்னால் விழுந்தது. அணியில் பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா நடிக்கிற யாலிங். நாடகக் குழுவுல சேர்த்து விடட்டுமா?" என்றார் பான் கோச்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது அவர்கள்தான்.

அன்று மாலையே என்னை என் ஊரான லியூஜோவுக்குப் பேருந்து ஏற்றிவிட்டார்கள். என் கோப்பில் அவர் எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். 'வலி இல்லை. மன உறுதி இல்லை.'

அந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் நத்தைச் சூப் கடையில் அடுப்புக்கு மேலே ஒட்டினேன். ஆவி பட்டு எழுத்து கலைந்தால் திரும்ப எழுதி ஒட்டுவேன். தெருமுனை டாக்டர் கொடுத்த ரப்பர் பட்டையைக் கடைக் கதவில் கட்டி இழுத்தேன். துடைப்பக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கினேன். பிறகு வெறும் பார். பிறகு பாரின் இரு பக்கமும் அரைக் கிலோ, அரைக் கிலோவாக. ஊறப்போட்ட மூங்கில் குருத்தின் நாற்றத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவருடைய முகத்தை நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் என்னை இழுக்க வைத்திருக்காது.

குனிந்தேன். பிடித்தேன்.

முதல் இழுப்பில் பார் தோளுக்கு வந்தது. எழுந்து நின்றேன்.

கால்களை முன்னும் பின்னுமாகப் பிரித்து மேலே தள்ளினேன். முழங்கைகள் நேராகப் பூட்டிக்கொண்டன. முன்காலைப் பின்னால் இழுத்து, பின்காலை முன்னால் கொண்டுவந்து, நேராக நின்றேன்.

அவரை நேராகப் பார்த்தேன்.

இறக்கச் சொல்லி மணி அடித்த பிறகும் ஒரு நொடி கூடுதலாகவே பாரைத் தலைக்கு மேல் வைத்திருந்தேன். மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்குப் போட்டார்கள், தூக்கியது செல்லும். லுவோ அக்கா போட்டோ எடுக்க மறந்துவிட்டு நாற்காலியின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பான் கோச் தனியாக வந்தார். அவரிடம் சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை நான் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்ய வலது கையைத் தூக்கினார். தூக்கும்போது இடது உள்ளங்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

அந்த அசைவு எனக்குத் தெரியும். அந்த வலி உள்ளவர்கள் மட்டும்தான் தங்கள் கையை அப்படி ஒரு குழந்தையைப் போலத் தாங்குவார்கள். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அது பொய்யில்லை என்று தெரிந்திருக்கிறது.

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு இருபது வருஷமா இருக்கு. இது போகவே போகாதுன்னுதான் நெனச்சேன்" என்றார். பிறகு, "உன் தோள் வலி போக எத்தனை நாளாச்சு யாலிங்?"

தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விழுங்கினேன்.

"ரெண்டு வருஷம் கோச். ஒரு நாள் விடாம."

"ரெண்டு வருஷமா" என்றார். ஐம்பத்தொன்பது வயது அவருக்கு. மனதுக்குள் அவர் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "இனிமே எனக்கெதுக்கு அதெல்லாம்" என்று சிரித்துவிட்டு, வலது கையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மெதுவாகப் போனார்.

லுவோ அக்கா ஓடிவந்து, "கிழவன் என்னடி சொன்னான்?" என்றார்.

"வாழ்த்துச் சொன்னார்."

நூற்றுப் பதினெட்டு கிலோவைத் தூக்கத்தான் இரண்டு வருடம் ஆனது, தோளுக்கு அல்ல. ஊருக்குப் போன ஏழாவது வாரம், கடையின் மேல்தட்டிலிருந்த நூடுல்ஸ் மூட்டையை அந்தக் கையால் இறக்கி வைத்தேன். வலிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வலிக்கவில்லை.