சொன்ன பேச்சுக் கேட்காத கால்

"இந்தக் காலை வெட்டித் தூரப் போட்டுடலாமான்னு இருக்கு டாக்டர்!"

நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்தப் பெண் தன் வலது காலைக் காட்டி முறையிட்டாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். செருப்போரத்தில் கொஞ்சம் ஈரமண் ஒட்டியிருந்ததே தவிர, காலுக்கு ஒரு குறையும் இல்லை.

"எலும்பு டாக்டர் கீழ் மாடியில இருக்கார்மா. நான் ஹிப்னோதெரபி பண்றவ. மனசுதான் என் டிபார்ட்மென்ட்."

"தெரிஞ்சுதான் வந்தேன். கால் நல்லாத்தான் இருக்கு. சொன்ன பேச்சைத்தான் கேக்க மாட்டேங்குது."

அவள் செடிக்கடை வைத்திருப்பவள். முப்பத்தெட்டு வயது, தனியாள். கடைக்கென்று சின்னதாக ஒரு வேன் வாங்கி எட்டு மாதமாகிறது. லைசென்ஸ் இல்லாததால் அது வாசலிலேயே நிற்கிறது.

"மல்லிக்கொடி வேன் மேல ஏறிப் படர்ந்து பூவே விட்டாச்சு டாக்டர். இப்ப புது ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு நானூறு தொட்டி கொண்டுபோய் வைக்கற வேலை கிடைச்சிருக்கு. வியாழக்கிழமை ஆறாவது டெஸ்ட். அதுலயும் கோட்டை விட்டா வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"அஞ்சு தடவை ஃபெயிலா! பயமா?"

"பயமே இல்லை. டிரைவிங் ஸ்கூல் கார்லதான் டெஸ்ட், மாஸ்டரும் பக்கத்து சீட்ல இருப்பார். எட்டு போடுவேன், ரிவர்ஸ் எடுப்பேன், எல்லாம் வெண்ணெய் மாதிரி போகும். கடைசி வளைவு திரும்பி, இன்னும் பத்தடி போனா பாஸ்ங்கற இடத்துல சடக்குன்னு பிரேக் விழும். பின் சீட்ல இருக்கற இன்ஸ்பெக்டர் முன்னால வந்து மோதுவார். போன தடவை அவர் மூக்குக்கண்ணாடி என் மடியில வந்து விழுந்துது!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மேல்மனசு பாஸ் ஆகணும்னு சொல்லும். ஆழ்மனசுக்கு வேற ஏதாவது ஆசை இருக்கும். அது வாயைத் திறந்து சொல்லாதும்மா. கை வழியா, கால் வழியா காரியத்தைச் சாதிச்சுக்கும். அது என்ன ஆசைன்னு கேட்டுடலாம், சாஞ்சுக்கோங்க."

திரையை இழுத்துவிட்டு, டாக்டரம்மா நிதானமான குரலில் பேச ஆரம்பித்தாள். இமைகள் கனத்தன. தோள்கள் தளர்ந்தன. கால் மணி நேரத்தில் செடிக்கடைக்காரியின் மூச்சு சீராக வந்தது.

"இப்ப டெஸ்ட் நடக்குது. கடைசி வளைவு. வலது கால் எங்க இருக்கு?"

"ஆக்சிலேட்டர்ல."

"பிரேக்குக்கு எப்ப போகுது?"

"போகலையே... வண்டி தானா நிக்குது."

இருபது வருஷ அனுபவம் டாக்டரம்மாவுக்கு. ஆழ்மனசு எவ்வளவு சாமர்த்தியமாக மழுப்பும் என்று அவளுக்குத் தெரியாதா? கேள்வியைத் திருப்பிப் போட்டாள்.

"பாஸ் ஆயிட்டா என்ன ஆகும்?"

மூடிய கண்களுக்குக் கீழே ஒரு புன்னகை மெல்ல எட்டிப் பார்த்தது.

"கிளாஸ் முடிஞ்சுடும்."

"முடிஞ்சா?"

"மாஸ்டரைப் பார்க்க முடியாது. வண்டி நடு ரோட்டுல நின்னுபோய், பின்னால அத்தனை பேரும் ஹார்ன் அடிச்சாலும் அவர் கத்த மாட்டார். 'அவசரமில்லைங்க, மறுபடியும் ஆரம்பிக்கலாம்'னு சொல்வார். என்கிட்ட யாருமே அப்படிச் சொன்னதில்லை."

டாக்டரம்மாவுக்கு எழுந்து ஒரு ஆட்டம் போட வேண்டும்போல் இருந்தது. ஆள் அகப்பட்டாச்சு! மெதுவாக ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி அவளை விழிக்க வைத்து, கேட்டதை அப்படியே சொன்னாள்.

செடிக்கடைக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் முகம் சிவந்து தெரிந்தது. பிறகு, அறையே அதிரச் சிரித்தாள்.

"அடப்பாவிக் காலே! எனக்கே தெரியாம என் மானத்தை வாங்கிட்டியே!"

"அவர் எப்படி? குடும்பம்..."

"அவரும் தனியாள்தான். ஆனா கிளட்ச், கியர் தவிர வேற பேச்சே கிடையாது. கால் சரியில்லை, டாக்டர்கிட்ட போறேன்னு காலையில சொன்னேன். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எந்த டாக்டர்னு மட்டும் கேட்டுக்கிட்டார்."

"டெஸ்ட்டுக்கு முன்னாடி நீங்களே போய் மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க. அப்புறம் பாருங்க, கால் பிரேக் பக்கமே போகாது. என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவான கேஸ் பார்த்ததில்லை!"

அவள் மாடிப்படியில் இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா அன்று முழுக்கத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத சட்டை. கைக்குட்டையை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"நேத்து ஒரு செடிக்கடைக்காரம்மா இங்க வந்திருப்பாங்க. அவங்க கால் மேல ஒரு தப்பும் இல்லைங்க. எங்க டிரைவிங் ஸ்கூல் கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு டாக்டர்... அவங்க பாஸ் ஆகப்போறாங்கன்னு தெரிஞ்சதும், வேணும்னு இல்லைங்க, என் கால்தான் தானா போய் அதை மிதிச்சுடுது!"