யோன்வேயின் கிண்ணம்

இந்தக் காலத்து ஆட்கள் நாலு கண்ணாடி மணியைக் கொடுத்தால் எதையும் நம்புகிறார்கள். ஐந்து குளிர்காலத்துக்கு முன்னால், விருந்து என்று கப்பலுக்குக் கூப்பிட்ட வெள்ளைக்காரத் தலைவன் எங்களில் பத்துப் பேரை அப்படியே கொண்டுபோனான். என் மகள் யோன்வேயும் போனாள். விருந்துக்கு நாங்கள் அவரவர் கிண்ணத்தோடுதான் போவோம். நான் குடைந்து கொடுத்த மரக்கிண்ணம் அவள் கையில் இருந்தது.

நேற்றுக் காலை அந்தக் கிண்ணம் வீட்டில் அவள் படுக்கைக்கு மேலே, பழைய முளையிலேயே தொங்கியது. நனைந்திருந்தது. நக்கிப் பார்த்தேன், உப்பு. எங்கள் ஆறு உப்புக் கரிக்காது. கடலுக்குப் பல நாள் போக வேண்டும்.

இன்று அதே தலைவனின் கப்பல் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரும் இறங்கவில்லை. தலைவன் பேசியதை என் தங்கை மகன் தெகாரோ எங்கள் மொழியில் எடுத்துச் சொன்னான். அவன் கழுத்து நிறைய அவர்கள் கொடுத்த மணி.

"மாமா, எல்லாரும் அங்க கல்யாணம் கட்டி ராசா மாதிரி இருக்காங்களாம். வரமாட்டேன்னுட்டாங்களாம்."

"பத்துப் பேருமா?"

"பத்துப் பேருந்தான்."

"என் மக எதுல சாப்பிடறான்னு கேளுடா."

தலைவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"இங்கேருந்து கொண்டுபோன மரக்கிண்ணத்துலதானாம் மாமா. இன்னிக்கும் வேற எதையும் தொடமாட்டாளாம்."

தலைவன் நீட்டிய மணிமாலையை மண்ணில் போட்டுவிட்டு நடந்தேன். ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை. நேற்று முழுக்க வெயிலில் வைத்திருந்த கிண்ணம், என் இடுப்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.