கைண்ட்லி டூ ப்ளீஸ்

"சீ! எவன் எழுதினான் இதை?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இங்கிலீஷ் மாஸ்டர் முகம் சுளித்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த மெசேஜைச் செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

'டியர் கஸ்டமர், யுவர் அக்கவுண்ட் வாஸ் பிளாக் டுமாரோ. கைண்ட்லி டூ ப்ளீஸ் கால் அர்ஜென்ட்.'

பேங்க் வாடிக்கையாளர்களுக்குப் போகிற மெசேஜ். அதைப் பார்த்துவிட்டுப் பதறிக் கூப்பிடுகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுவதுதான் மாஸ்டரின் வேலை.

"நாளைக்கு நடக்கப்போறதுக்கு 'வாஸ்' போட்டிருக்கான் பாரும்மா! எனக்குக் குமட்டிக்கிட்டு வருது."

"எல்லாருக்கும் இதுதான் சார் போகுது. மெசேஜை விடுங்க, போனை எடுங்க" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

விடுகிற ஆளா அவர்? கடைப் பலகை, லிஃப்ட் நோட்டீஸ், மருமகன் அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்து வரை திருத்திக் கெட்ட பெயர் வாங்கியவர்.

பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகு மகள் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தார். மருமகன் எதிரில் இரண்டாவது காபி கேட்கவே கூசும். இந்த வேலையும் போனால் மறுபடி அந்த சோபா மூலைதான் கதி.

இங்கே இன்டர்வியூவில் சர்டிபிகேட்டைக்கூடப் புரட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசச் சொல்லிக் கேட்டார் மேனேஜர். "வயசானவங்களுக்கு உங்க குரலைக் கேட்டாலே ஒரு நம்பிக்கை வரும் சார்" என்று கை குலுக்கிவிட்டார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அந்த நன்றிக்காகவாவது இந்த அசிங்கத்தைக் கழுவிவிட வேண்டும் என்று மாஸ்டருக்குக் கை பரபரத்தது. மெசேஜை ஒழுங்கான இங்கிலீஷில் அடித்து, ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த இங்கிலீஷைப் பார்த்தா பேங்க் மானமே கப்பலேறிடும். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகூட இப்படி எழுதாது. கண்றாவி! நானே திருத்திட்டேன்."

மேனேஜர் ஒரு வரி விடாமல் படித்தார்.

"பிரமாதம் சார். ஒரு தப்புகூட இல்லை."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்தக் காலத்திலும் நல்ல இங்கிலீஷை மதிக்க ஒரு ஆள் இருக்கிறானே!

மேனேஜர் அந்தத் தாளை நிதானமாக நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"பழசே போகட்டும் சார்."

"என்ன சார் இது? அத்தனை தப்போடவா? படிச்சவன் எவனாவது பார்த்தா காறித் துப்புவான்!"

"துப்பட்டும்."

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மாஸ்டரின் தோளில் கை வைத்தார்.

"தப்பு கண்ணுல படுறவன் நம்மகிட்ட ஏமாற மாட்டான் சார்."