மாடிப் பிரிண்ட்டர்

கதவைத் திறந்ததும் தாள்கள் அவன் காலடியில் சறுக்கின.

அறையின் மூலையில் பிரிண்ட்டர், இருந்த தாளையெல்லாம் துப்பித் தீர்த்துவிட்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து ஒன்றை எடுத்தான். காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு.

கீழே அந்தக் குழந்தையின் அப்பா காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

கவுண்ட்டரில் இருந்த ஜெபராணியைப் பார்த்து.

அந்த லேபின் கவுண்ட்டர்களில் இருப்பவை பெயருக்குத்தான் கம்ப்யூட்டர்கள். எல்லாம் ஒரே சர்வருக்குள் போய்த்தான் வேலை செய்யும். யார் கொடுக்கும் தாள் எந்தப் பிரிண்ட்டரில் வர வேண்டும் என்பதையும் அந்த சர்வர்தான் சொல்லும்.

சர்வருக்குச் சொல்பவன் அவன்.

நேற்று சாயங்காலம், புதிதாக வந்த இந்த மாடிப் பிரிண்ட்டரைச் சோதித்துப் பார்க்க, ஜெபராணியின் தாள்களை இங்கே திருப்பிவிட்டிருந்தான். ஒரு தாள் அழகாக வந்தது. அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

திருப்பியதை மறுபடி மாற்றவில்லை.

காலையில் கவுண்ட்டர் பிரிண்ட்டர் ஊமையாக இருந்தபோது கேபிளைப் பிடுங்கிச் செருகினான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். அசையவில்லை. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மேனேஜர் பொன்னுத்துரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஜெபராணியிடம் அதைச் சொன்னான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"தெரியாத வேலையில கை வைக்காதீங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்?"

மேனேஜரின் பார்வை அவனை விட்டு நகர்ந்து அவள்மேல் விழுந்தது.

அவனுக்கு மூச்சு வந்தது.

அவளை எழுப்பி, உள்ளே கண்ணாடிக் குழாய்களைக் கழுவ அனுப்பிவிட்டார் மேனேஜர். யாரையும் பார்க்காமல் போனாள்.

இப்போது தாள்களைப் பொறுக்கும்போது அவனுக்குக் காது மடல் எரிந்தது.

சர்வரில் சரிசெய்தான். தாள்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான். என் தப்புதான் சார். படிகளில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

குழந்தையின் அப்பா தாளைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

"கண்டுபுடிச்சிட்டியாடே!" மேனேஜர் அவன் தோளில் தட்டினார். "ஒன்ன விட்டா இங்க ஆளு ஏதுடே?"

அவன் சிரித்தான்.

ஜெபராணியை மறுபடி உட்காரவைத்தார்கள். கைகள் ஈரத்தில் வெளுத்திருந்தன. பிரிண்ட்டர் முதல் தாளைத் தள்ளியதும் அவள் முகம் தெளிந்தது.

"நான் எத சார் அமுக்குனேன்? காட்டுங்க. இனி அது பக்கமே போமாட்டேன்."

குத்தல் இல்லை. மனசாரத்தான் கேட்டாள்.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

அவன் விரல் கீபோர்டின் மேல் அலைந்தது. மேல் வரிசையின் ஓரத்தில், யாருக்கும் தேவைப்படாத ஒன்றைத் தொட்டது.

ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து, அந்த விசையின்மேல் அழுத்தி ஒட்டினாள் ஜெபராணி.

"பச்சப்புள்ள விசயம்லா சார். வேற யாரும் தெரியாம அமுக்கிரப்பிடாது."

அடுத்த கவுண்ட்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு துண்டு தாங்கக்கா."