அடி கறுத்த பீக்கர்

"இப்ப இதுல நீ எதை எடுப்பே கண்ணு?" என்று சுமித்ராவிடம் கேட்க ஆரம்பித்த அருணாசலம், என்ன வேலைக்கு என்று சொல்வதற்குள் வாயைப் பொத்திக்கொண்டார்.

மலைமேல் இருந்த அந்தப் பள்ளிக்கு, பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்காக நாமக்கல்லிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் அவர். காலையிலிருந்து எல்லாரிடமும் இதே கேள்விதான். மேசையில் பியூரெட், பிப்பெட், அளவு ஜாடி, கூம்புக் குடுவை என்று வரிசையாக இருக்கும். அவர் ஒரு வேலையைச் சொல்வார். அதற்குத் தோதான கருவியை எடுத்துக் காட்ட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாதவர்களுக்கு ஈவு இரக்கமில்லாமல் முட்டை போட்டிருந்தார்.

வேதியியல் டீச்சர் கலைச்செல்விக்குச் சுமித்ராவை நினைத்துத்தான் கவலை. மற்ற பிள்ளைகள் எப்படியாவது தேறிவிடுவார்கள். சுமித்ராவுக்கு நர்சிங் படிக்க வேண்டும், அதற்கு இந்த மார்க் வேண்டும். அவளோ எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள், யாராவது கேள்வி கேட்டால் நாக்கு எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

"தெரியலன்னா கதை விடாத சாமி. மனசுல இருக்கறத உள்ளபடி சொல்லு, போதும்" என்று நேற்றுதான் டீச்சர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இப்போது பிரச்சினை அருணாசலத்தின் வயிற்றில் இருந்தது.

அடிவாரத்தில் நாலு பூரி சாப்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறியவர். எழுபது கொண்டை ஊசி வளைவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டார். இங்கே கேள்வி கேட்கிற நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் அசோக் சோதனைக் குழாயைச் சூடாக்க, அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. பூரி வந்த வழியே திரும்பக் கிளம்பிவிட்டது.

கலைச்செல்வி நாலா பக்கமும் பார்த்தாள். கை கழுவும் தொட்டி தீபாவளியிலிருந்தே அடைத்துக் கிடந்தது. ஜன்னலில் கம்பி வலை. பக்கெட் சத்துணவுக் கூடத்தில். கூம்புக் குடுவைக்கு வாய் சின்னது. அளவு ஜாடி துல்லியமாக அளந்து காட்டும்தான், அதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அதற்குள் சுமித்ரா பீரோவுக்குப் பின்னால் ஓடினாள். அடி கறுத்த பெரிய பீக்கர் ஒன்றைத் தூக்கி வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஒரு சொட்டு கீழே விழவில்லை.

ஆய்வக உதவியாளர் செங்கோடன் மூக்கைத் திருப்பிக்கொண்டு அதை வாங்கிப் போய்க் கழுவினார். சோப்புத்தூள் போட்டுத்தான் கழுவினார், பாவம்.

தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார். "சாருக்கு நல்லா மிளகு தட்டிப் போட்டு ஒரு டீ கொண்டாப்பா" என்று செங்கோடனை விரட்டினார். செங்கோடன் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு போனார்.

டீ வந்தது. அருணாசலத்துக்குப் போன உயிர் திரும்பியது.

"மலை மிளகுன்னா மலை மிளகுதாங்க" என்று இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியரும் ஒன்று எடுத்துக்கொண்டார். கலைச்செல்வி மட்டும் இன்றைக்கு விரதம் என்று சொல்லிவிட்டாள். காலையில் அவள் சாப்பிட்ட இட்லியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வயிறு அடங்கியதும் அருணாசலத்துக்கு மனசும் இளகியது.

"நான் கேள்வியையே முடிக்கல. நீ பாட்டுக்குச் சரியான பீக்கரை எடுத்துட்டு வந்து நீட்டிட்டே. உன்னாலதான் என் மானம் பொழச்சுது. இப்பக் காரணத்தை மட்டும் சொல்லிடு, முழு மார்க் போடறேன்."

தலைமையாசிரியர் குடிப்பதை நிறுத்தினார். "எந்தப் பீக்கருங்க?" என்றார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

கலைச்செல்வி அருணாசலத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் வாயை முடிந்தவரை அகலமாகத் திறந்து காட்டினாள். வாய் அகலம், சூடு தாங்கும், இரண்டே வார்த்தைதான். சொல்லித் தொலையேன்டி கண்ணு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

சுமித்ரா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தாள். நேற்று சொல்லிக்கொடுத்ததுதான் நினைவுக்கு வந்தது. உள்ளபடி சொன்னாள்.

"மத்ததெல்லாம் எக்ஸாமுக்கு எடுத்து வெச்சதுங்க சார். அது ஒண்ணுதான் சும்மா இருந்துச்சுங்க. அது எட்மாஸ்டர் சாருக்கு டீ போடறதுங்க."

செங்கோடன் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

அருணாசலம் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். தலைமையாசிரியரும் தன் டம்ளரைப் பார்த்தார். இருவர் கன்னமும் ஒரே நேரத்தில் உப்பின. இருவர் கையும் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின.

இந்த முறை சுமித்ரா யாரும் கேட்பதற்கு முன்பே ஓடிப்போய், டீத்தூள் ஒட்டியிருந்த பீக்கரோடு வந்து நின்றாள். இருந்ததோ ஒரே பீக்கர். இரண்டு பேரும் அதை நோக்கிக் கை நீட்டினார்கள்.

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருணாசலத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரையும் ஒரு கேள்வி கேட்டறியாத பிள்ளை.

"முழு மார்க்குங்களா சார்?"

வாயைத் திறக்க வழியில்லாத அருணாசலம், தலையை வேகவேகமாக ஆட்டினார்.