சுருதி சேரும் வரை

கச்சேரி முடித்துத் திரும்பிய பர்மிய மேளக்காரர் கோ தெயினின் லாரியைச் சிப்பாய்கள் மறித்து, கடத்தல்காரன் என்று அவர் தம்பியைக் கட்டிப்போட்டார்கள்.

“மேளக்காரங்கன்னா வாசிச்சுக் காட்டு,” என்றார் அதிகாரி.

தெயின் இருபத்தொரு மேளங்களையும் வட்டமாக அடுக்கி, நடுவில் உட்கார்ந்து தட்டினார். எல்லாம் ஒரே மாதிரி தொப்பென்றன. சுருதிக்காகத் தோலில் அப்பும் பசையைக் கச்சேரி முடிந்ததும் கழுவியிருந்தார்.

“சோறும் சாம்பலும் பிசைஞ்சு அப்பினாதாங்க சுருதி சேரும். ஒரு கைப்பிடி குடுங்கய்யா.”

ஒரு சிப்பாய் தன் சாப்பாட்டிலிருந்து கொடுத்தான். சிப்பாய்கள் சமைத்த அடுப்பின் சாம்பலோடு பிசைந்து அப்பியதும் முதல் மேளம் கணீரென்றது. இரண்டாவதும் சேர்ந்தது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

“இன்னும் பத்தொன்பதுதாங்கய்யா!” என்று கத்தினார் தெயின். ஜீப் கிளம்பிய பிறகும் அவர் விரல்கள் மூன்றாவது மேளத்தில் பசையை அப்பிக்கொண்டிருந்தன.